மெல்லிய லேப்டாப்: திரையையும் ஹிஞ்சையும் பார்த்து வாங்குங்கள்

லேப்டாப் கடையில் எடையைக் கிராம் கணக்கில் சொல்வார்கள். பிராசஸர் எத்தனையாவது தலைமுறை, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்பதெல்லாம் ஸ்டிக்கரிலேயே இருக்கும். திரையின் வெளிச்சம் எத்தனை நிட்ஸ், எவ்வளவு நிறம் காட்டும் என்று கேட்டால் மட்டும் "ஃபுல் ஹெச்டி சார், ஐபிஎஸ்" என்று பதில் வரும். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. மூடியைத் தாங்குகிற ஹிஞ்ச் எந்தப் பிளாஸ்டிக்கில் எப்படித் திருகப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. வாங்கிய பொருள் நாலு வருஷம் உழைக்குமா என்பது இந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று உள்ளே விற்கும் ஒரு 14 அங்குல மெல்லிய லேப்டாப்பை எட்டயபுரத்தில் என் அன்றாட வேலைக்கு வைத்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். தடிமன் 16 மில்லிமீட்டர், எடை 1.35 கிலோ, திரை 1920×1200 புள்ளிகள், 300 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி நிறம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த விலையில் வரும் மெல்லிய மாடல்களின் விவரப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இதே 300 நிட்ஸ், இதே 45% என்டிஎஸ்சி இருக்கும். ஒரு பெயரை ஒதுக்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது.

நல்லதை முதலில் சொல்கிறேன். தமிழ் எழுத்து இதில் அருமையாக விழுகிறது. பழைய 14 அங்குலத் திரைகள் 1366×768 புள்ளிகளோடு வந்தன. அங்குலத்துக்கு ஏறத்தாழ 112 புள்ளி. இதில் 162. ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்கு அந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. தமிழில் உறைக்கும். பழைய திரையில் சிறிய எழுத்தில் 'ன'வையும் 'ண'வையும் பிரித்தறியக் கண்ணை இடுக்க வேண்டியிருக்கும்; மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியில் தொங்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புரூஃப் திருத்துகிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும். இதில் விண்டோஸின் நிர்மலா எழுத்துருவைச் சிறிய அளவில் வைத்தாலும் 'ண'வின் சுழிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. உயரமும் பழைய அகலத்திரையைவிடக் கூடுதல் என்பதால் பக்கத்துக்குச் சில வரிகள் அதிகம் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இருக்கும் பழைய நூல்களின் பழுப்பேறிய பக்கங்களைத் திறந்து பார்த்தேன். தேய்ந்த அச்சும் படிக்க முடிகிறது. ஆனால் வீட்டுக்குள், ட்யூப்லைட் வெளிச்சத்தில்.

தார்சாவுக்கு எடுத்து வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. எங்கள் ஊர் மரம் குறைந்த கரிசல் பூமி. வெளிச்சத்துக்குத் தடுப்பே கிடையாது. ட்யூப்லைட்டுக்கு அடியில் இருநூறு முந்நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும் என்றால், பகலில் திறந்தவெளி நிழலில் அது பத்தாயிரத்தைத் தொடும். நேர் வெயில் ஒரு லட்சம். இதற்கு முன்னால் 300 நிட்ஸ் திரை எம்மாத்திரம்? நடுத்தர விலைப் போன்களே இன்று ஆயிரம் நிட்ஸைத் தாண்டுகின்றன. இந்தத் திரையில் பளபளப்பில்லாத மேற்பூச்சு இருப்பதால் முகம் தெரிவதில்லை. அதற்குப் பதிலாகத் திரை முழுக்க வெளுத்த ஒரு சாம்பல் படர்கிறது. எக்செல் கட்டங்களின் மெல்லிய கோடுகள் காணாமலே போகின்றன. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் பேட்டரி கண்முன்னே இறங்குகிறது. பகலில் கரண்ட் போனால் காற்றுக்காக வெளித்திண்ணைக்கு வருகிற ஊர்களுக்கு 400 நிட்ஸுக்குக் குறைந்த லேப்டாப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நிறம் இன்னும் மோசம். எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் அறுவடைக் காலத்தில் களத்தில் மிளகாய் வத்தல் காயப் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தைப் போனிலும் லேப்டாப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போனில் கருஞ்சிவப்பு. லேப்டாப்பில் வெளுத்த செங்கல் நிறம். நல்ல வத்தலையும் நிறம் மங்கிய பழைய சரக்கையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படம் பார்த்து விலை பேசுகிற வியாபாரிக்கு இது சின்ன விஷயமில்லை. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிறவர்கள் இந்தத் திரையை நம்பி நூலுக்கும் துணிக்கும் நிறம் பொருத்தினால் சரக்கு திரும்பி வரும்.

காரணம் அந்த 45% என்டிஎஸ்சி. என்டிஎஸ்சி என்பது அமெரிக்கா 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த நிறப் பரப்பு. இன்று இணையப் படங்களும் போட்டோக்களும் பின்பற்றுகிற எஸ்ஆர்ஜிபி நிறப் பரப்பு, அதில் ஏறத்தாழ 72%. ஆகவே 45% என்றால் இணையப் படத்தில் உள்ள நிறத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இந்தத் திரைக்கு எட்டாது. குறை முதலில் சிவப்பில் தெரியும். நிறவடிகட்டியை நீர்த்ததாக வைத்தால் பின்விளக்கின் ஒளி அதிகம் கடந்து வரும். குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சம் காட்டலாம், பேட்டரியைச் சிறிதாக்கலாம், உடம்பை மெலிய வைக்கலாம். மெலிவுக்காக நிறத்தை விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். "100% எஸ்ஆர்ஜிபி" என்று எழுதியிருக்கும் மாடல் சில ஆயிரம் கூடுதலாக இருக்கும். அந்தச் சில ஆயிரத்தை ரேமுக்குப் பதில் திரைக்குக் கொடுங்கள்.

இருட்டறையில் திரையைக் கறுப்பாக்கிப் பார்த்தபோது கீழ் மூலை ஒன்றில் மஞ்சளாக வெளிச்சம் கசிந்தது. ஐபிஎஸ் திரையில் மூலைகள் லேசாக மினுங்குவது இயல்பு. தலையை நகர்த்தினால் அது இடம் மாறும். நகராமல் ஒரே இடத்தில் நிற்பது கசிவு. மூடியைப் பொருத்தும்போது பேனல் எங்கோ அழுந்தியிருக்கிறது என்று பொருள். மூடியின் முதுகில் விரலால் லேசாக அழுத்தினால் திரையில் அலை தெரிகிறது. அந்த அளவுக்கு மூடி மெல்லிசு.

இந்த மெல்லிசு எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். பஸ்ஸில் பைக்குள் வைத்துக் கோவில்பட்டி போய்வந்த சில வாரங்களில் திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழே 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. பேனலுக்குப் பின்னால் ஒளியைப் பரப்பும் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும். வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் தாள் நசுங்கி அந்த இடம் மட்டும் பளிச்சென்று எரியும். சர்வீஸ் சென்டரில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்: "பிசிக்கல் டேமேஜ்." வாரண்டி கிடையாது. பையில் வைத்துச் சுமக்கத்தான் மெல்லியது என்று விளம்பரம் செய்கிறார்கள். பையில் வைத்ததால் வந்த பொட்டுக்கு வாங்கியவன் பொறுப்பு என்றால் இது என்ன நியாயம்?

செத்த புள்ளிகளுக்கும் இதே கதிதான். 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, ஒவ்வொரு பத்து லட்சம் புள்ளிக்கும் எப்போதும் எரிகிற 2, எப்போதும் அணைந்த 2 வரை பொறுத்துக்கொண்டது. 2008-இல் 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்துவிட்டாலும், ஒன்றிரண்டு புள்ளி போனால் மாற்றித் தர மாட்டோம் என்கிற வழக்கம் நிறுவனங்களிடம் நிலைத்துவிட்டது. எனவே பெட்டியைப் பிரிக்கிற அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. ஒரே மாடல், ஒரே விலை, ஆனால் உள்ளே இருக்கும் பேனல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சீனத்தின் பிஓஇ, தைவானின் ஏயூஓ, இன்னோலக்ஸ், கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே என்று பல ஆலைகளிடம் வாங்கிப் பொருத்துவது இந்தத் தொழிலின் வழக்கம். நண்பர் வாங்கியது பளிச்சென்று இருக்கிறது, எனக்கு வந்தது மங்கல் என்று சிலர் சொல்வது கற்பனை இல்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மானிட்டர் பகுதியைத் திறந்தால் பேனலின் எண் தெரியும். அதை இணையத்தில் தேடினால் உண்மையான நிட்ஸும் நிறமும் கிடைத்துவிடும்.

இனி ஹிஞ்ச். கோவில்பட்டியில் லேப்டாப் பழுது பார்க்கும் ஒருவரிடம் பேசினேன். மேஜையில் மூடி பெயர்ந்த லேப்டாப்புகள் வரிசையாக இருந்தன. "இப்பம் வாறதுல பாதி இந்த ஹிஞ்ச் கேஸ்தான் அண்ணாச்சி. உள்ள பித்தளை நட்டு பிச்சுக்கிட்டு வந்துருது" என்றார். ஒன்றைத் திறந்து காட்டினார். ஹிஞ்ச் எஃகுதான், அது உடையவில்லை. அதைப் பிடித்திருக்கும் திருகுகள் சிறு பித்தளை நட்டுகளில் இறங்குகின்றன. அந்த நட்டுகளைச் சூடாக்கிப் பிளாஸ்டிக் குமிழ்களுக்குள் அழுத்திப் பதித்திருக்கிறார்கள். உடம்பு தடிமனாக இருந்தால் குமிழ் உயரமாக இருக்கும். நட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாராளமாக இருக்கும். 16 மில்லிமீட்டர் உடம்பில் கீபோர்டு, பேட்டரி, போர்டு எல்லாம் போக அந்தக் குமிழுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் முழு நெம்பும் அங்கே விழுகிறது. ஹிஞ்சில் போட்ட கிரீஸ் வெக்கையில் காய்ந்து, கரிசல் தூசியும் சேர்ந்தால் திருகல் இறுகும். இறுக இறுகக் குமிழில் விரிசல் விடும். மேகாத்து அடிக்கிற ஆனி, ஆடியில் ஜன்னலை மூடி வைத்தாலும் மேஜையில் தூசி படிகிற ஊர் இது. மூலையைப் பிடித்து ஒரு கையால் திறக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்து நட்டு முதலில் போகும். போகிறபோது மூடியின் சட்டத்தைப் பிளந்துகொண்டு போகும்; சில சமயம் பேனலையும் சேர்த்து.

என்னிடம் இருப்பதில் இடது ஹிஞ்சுக்கு மேலே சட்டம் ஒரு நகக்கண் அளவு விலகிவிட்டது. திறக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம். பழுதுக்காரர் எப்பாக்ஸி வைத்துச் சிறு தகடு கொடுத்து ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். அது தாங்கும், ஆனால் அதன்பிறகு அந்தப் பகுதியைப் பிரிக்க முடியாது.

மலிவு மாடல்களுக்கு மட்டும் வரும் நோய் என்று இதை நினைக்க வேண்டாம். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க மெலிவுப் போட்டிதான். அதே ஆப்பிளின் 2016 மேக்புக் ப்ரோவில் திரைக்குப் போகும் மெல்லிய கேபிள் ஹிஞ்சைச் சுற்றி உரசி உரசித் தேய்ந்தது. திரையின் அடியில் மேடை விளக்குகள் போட்டதுபோல வரிசையாக வெளிச்சத் திட்டுகள் தோன்றின, பிறகு திரையே அணைந்தது. 2018 மாடலில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாகிவிட்டதை ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளம் பிரித்து அளந்து காட்டியது. 2019 மே மாதம் ஆப்பிள் 13 அங்குல மாடல்களுக்கு இலவசப் பழுதுத் திட்டம் அறிவித்தது. 2 மில்லிமீட்டர் கேபிளை மிச்சம் பிடித்ததன் விலை அது. 2020-இல், வெப்கேமை மறைக்கும் மூடியை ஒட்டிக்கொண்டு மேக்புக்கை மூடாதீர்கள், திரை உடையலாம் என்றும் எச்சரித்தார்கள். கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவே அவ்வளவுதான் இடம். நம்மூர் மண்ணில் ஒரு பரல் கீபோர்டில் கிடந்தாலே போதும். மூடுவதற்கு முன்னால் துடையுங்கள்.

எட்டயபுரத்தில் இன்னமும் பல வீடுகளில் 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் ஓடுகின்றன. கனம், திரை மங்கல், எல்லாம் உண்மை. ஆனால் பழுதுக்காரர் திருகைக் கழற்றி ரேம் கூட்டுகிறார், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுகிறார். என் மெல்லிய லேப்டாப்பில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. அவ்வளவு பெரிய கொள்முதலில் திரை எத்தனை நிட்ஸ், ஹிஞ்ச் எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடிச் சோதிக்கப்பட்டது, வாரண்டியில் ஹிஞ்ச் சேருமா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வைக்கலாம். அரசுக்காகக் கொள்முதல் செய்கிற எல்காட் கேட்டால் நிறுவனங்கள் செய்யும். பிறகு கடையில் வாங்குகிற நமக்கும் அந்த வழக்கம் வந்து சேரும்.

கடையில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு விரலால் மூடியைத் தூக்குங்கள்; அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் ஹிஞ்ச் தேவைக்கு மேல் இறுக்கம். இரண்டு மூலைகளையும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். திரையில் அலை ஓடினால் வேறு மாடல் பாருங்கள். ஷோரூம் விளக்குக்கு அடியில் பார்த்து முடிவு செய்யாமல், வாசல் பக்கம் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். "மிலிட்டரி கிரேடு" என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம்; அந்த அமெரிக்க ராணுவத் தரநிலையில் எந்தச் சோதனையைச் செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்துகொள்கிறது.

வாரண்டி மறுக்கப்பட்டால் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை என் முடிவு: வீட்டுக்குள் ஒரே மேஜையில் வைத்துத் தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்குச் சரி. பையில் சுமந்து பஸ்ஸில் போகிற மாணவர்களுக்கும் நிறம் பார்த்து வியாபாரம் செய்கிறவர்களுக்கும் வேண்டாம். அவர்கள் அதே பணத்தில் 19, 20 மில்லிமீட்டர் தடிமனில், ஹிஞ்ச் உலோகச் சட்டத்தில் திருகப்பட்ட, ரேமை மாற்ற முடிகிற ஒரு மாடலை வாங்கட்டும். கால் கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டியிருக்கும்.