உப்பிட்டவர் யார்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் பழமொழியில் 'இடுதல்' என்ற வினையை நாம் கவனிப்பதே இல்லை. உலையிலும் குழம்பிலும் உப்பிடுகிற கை பெண்ணுடையது. இலையின் ஓரத்தில் உப்பு வைப்பதும் பெரும்பாலும் அவள்தான். நன்றி மட்டும் வீட்டுக்காரனுக்குப் போய்ச் சேர்கிறது. 'அவன் வீட்டு உப்பைத் தின்னுட்டு' என்றுதானே ஏசுகிறோம்? அவள் போட்ட உப்பு கூடினாலோ குறைந்தாலோதான் பேச்சுக்கு வரும். சரியாக இருக்கிற நாளில் ஒரு சொல்லும் இல்லை.

'சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?' என்று கேட்டால் உப்பு ரோஷம் ஆகிவிடுகிறது. ஆணிடம் இதைக் கேட்பது சண்டைக்குக் கிளப்ப; பெண்ணிடம் கேட்பது அடங்கி நடக்கச் சொல்ல. வள்ளுவரும் (குறள் 1302) ஊடலை உப்போடு ஒப்பிட்டு, சற்றே நீண்டாலும் அது மிகுந்த உப்பு என்கிறார். கோபத்துக்கும் பதம் பார்க்க வேண்டும். வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போது, பதம் யார் வாய்க்கு என்று கேட்காமல் என்னால் மேலே போக முடிவதில்லை.

இவ்வளவு பொருள் சுமக்கும் சொல்லில் உப்பு விளைவிக்கிறவளுக்கு இடமே இல்லை. வாலிநோக்கத்தில் 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் இருக்கின்றன. பாத்தியில் வாரிய உப்பைத் தலைச்சுமையாக மேட்டுக்கு ஏற்றும் பெண்களுக்கு உப்பு என்றால் வெடித்த பாதம், வெள்ளையில் கூசும் கண். மழை பெய்தால் கூலியே கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு வழங்கத் தொடங்கியது 2022இல்தான். அதே ஆண்டு அந்நிறுவனத்தின் உப்பு 'நெய்தல்' என்ற பெயரில் பொட்டலமாகக் கடைக்கு வந்தது. நல்ல பெயர். தமிழ் படித்தவர் யாரோ வைத்திருக்க வேண்டும்!

நெய்தல் என்றதும் எனக்கு அம்மூவனாரின் அகநானூற்று 390ஆம் பாட்டு நினைவுக்கு வரும். உமணப்பெண் நெல்லுக்குச் சமமாக உப்பைக் கூவி விற்கிறாள். ஒருவன் வழிமறித்து, உன் உடம்பில் வாழும் உப்பின் விலை தெரியவில்லையே என்கிறான். கூவி விற்கிறவளையே சரக்காக்கும் பேச்சு இது. உரைகாரர்கள் இதை நயம் என்று ரசித்துவிட்டு அவளுடைய பதிலைப் புன்னகைக்குள் அடக்கிவிடுகிறார்கள். புன்னகை உண்டுதான். ஆனால் அவள் விலை சொல்லவில்லை. எங்களை வழிமறிக்க நீர் யார் என்று கேட்டுவிட்டு விலகுகிறாள்.