சுரங்க நகரும் சுற்றுலாக் கட்டுரையும்

'நான் சென்ற சுற்றுலா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் அரியர். அக்கட்டுரைக்கென ஓர் அச்சு உண்டு. விடியலில் பேருந்து புறப்படும்; வழிநெடுக இயற்கை அன்னை பச்சைக் கம்பளம் விரித்திருப்பாள்; மாலையில் அனைவரும் களிப்புடன் இல்லம் திரும்புவர். கேமரன் மலைக்கு இவ்வச்சு ஒருவாறு பொருந்தும். பகாங் மாநிலத்துச் சுங்கை லெம்பிங்கிற்குப் பொருந்தாது. பொருந்தாத இடத்திலும் அதனைப் பொருத்திவிடுவதே நம் பயணக் கட்டுரைகளின் பெருங்குறை.

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் ஆற்று வண்டலோடு கலந்து கிடந்தது. நீரைப் பீய்ச்சிக் கரைத்தும், மிதக்கும் தூர்வாரிகளால் அள்ளியும் அதனை எடுத்தனர். லெம்பிங்கிலோ ஈயத்தாது பாறையின் நரம்புகளுக்குள் ஓடியது. பாறையைத் துளையிட்டு, வெடிவைத்துத் தகர்த்து, தாது செல்லும் வழியே மனிதனும் கீழிறங்க வேண்டியிருந்தது. 1906 முதல் 1986 வரை பகாங் கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் கீழ் இயங்கிய அச்சுரங்கத்தின் வழிகளை ஒன்றோடொன்று கோத்தால் 322 கிலோமீட்டர் நீளும் என்பர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் தொலைவுக்கு அது ஏறத்தாழ நிகர். ஆழமோ 700 மீட்டரை எட்டியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடன் சுமையால் நிலைகுலைய, லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரிந்தது; மறு ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. எங்கோ ஒரு சந்தையில் விழுந்த அடியால் ஓர் ஊரின் அடுப்பு அணைந்த கதை இது.

இன்று அவ்வூர் செல்வோர் வைகறையில் பனோரமா குன்றேறி மேகக் கடலைக் காண்கின்றனர், தொங்கு பாலத்தில் நின்று படமெடுக்கின்றனர், மீ உண்கின்றனர். மேகக் கடலை வியப்பது குற்றமன்று, அது வியக்கத்தக்கதே. ஆயினும் அம்மேகத்துக்குக் கீழே பாறைத் தூசியைச் சுவாசித்தவரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் கட்டுரை முடிவதுதான் வேதனைக்குரியது.

சுரங்க வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் அமைந்துள்ள இடமும் ஈண்டு நோக்கத்தக்கது. சுரங்க மேலாளர் வாழ்ந்த பங்களாவே 2003இல் அருங்காட்சியகமாயிற்று. பார்வையாளன் அறியாமலேயே மேலாளரின் தாழ்வாரத்தில் நின்று ஊரை நோக்குகிறான். கருவிகள் கண்ணில் படுகின்றன. அவற்றைப் பிடித்த கைகள் படுவதில்லை. சீரமைக்கப்பட்ட சுரங்க வழியிலும் விளக்கொளியும் சிறு இரயிலும் உண்டு. ஒளியூட்டிய இருளில் அமர்ந்து செல்பவனுக்கு அன்றைய இருளை உணர்த்த வேண்டிய பொறுப்பு எழுத்துக்கே உரியது. அப்பொறுப்பை நம் கட்டுரைகள் ஏற்பதில்லை.

தமிழுக்கு இது புதிய பொறுப்புமன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை வழிகாட்டும் நூல்தான். ஆனால் அது வெறுங்காட்சிகளை அடுக்கவில்லை. உப்பு வணிகர், எயினர், ஆயர், உழவர், வலைஞர் என அவ்வந்நிலத்து மக்களின் தொழிலையும், அவர்தம் குடிலையும், அவர் விருந்தினர்க்கு இடும் உணவையும் சொல்லியே பாணனை வழிநடத்துகிறது. நிலத்தைத் தொழிலால் அறிவது அந்நூலின் நெறி. அதனைத் தேர்வுக்காகக் கற்பிக்கும் வகுப்பறையிலேயே, சுற்றுலாக் கட்டுரை வேறொரு நெறியில் எழுதப்படுவது விந்தைதான்!

லெம்பிங்கின் கதை பெரும்பாலும் சீனத் தொழிலாளரின் கதை. நமக்கென்ன என்று வினவுவாரும் உளர். அவ்வினாவே பிழை. எனினும் அவர்க்குச் சிலாங்கூரின் பத்து ஆராங்கைச் சுட்டலாம். அந்நிலக்கரிச் சுரங்கத்தில் சீனரோடு தமிழரும் உழைத்தனர். 1937 மார்ச்சில் அங்குத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் அன்றைய மலாயா அரசையே கலங்கச் செய்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. செங்கல் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து அது ஒரு காலைப் பயணமே. ஆயினும் பள்ளிப் பேருந்துகள் அவ்வழியே திரும்புவது அரிது.