முதுமையும் பதகளிப்பு வினாக்கொத்துகளும்: ஒரு மதிப்பீடு

அளவுகோல் ஒன்று செம்மையாக அளக்கின்றதா என வினவுமுன், அது எதனை அளக்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். முதியோரின் பதகளிப்பை அளக்கும் வினாக்கொத்துகளைப் பொறுத்தவரை இவ்வினா இன்றியமையாததாகும்.

1988இல் ஆரன் பெக்கும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட வினாக்கொத்து 21 கூற்றுகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 0 முதல் 3 வரை புள்ளி பெறும். அவற்றுட் பெரும்பாலானவை உடற்குறிகள்: கைந்நடுக்கம், தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல் என்பன. இளைஞரிடத்து இவை அச்சத்தின் வெளிப்பாடுகளாகலாம். எழுபதைக் கடந்தவரிடத்தோ இருதய நோயும், பார்க்கின்சன் நோயும், உட்கொள்ளும் மருந்துகளுங்கூட இவற்றைத் தோற்றுவிக்கும். ஆகவே, அவர் பெறும் உயர்ந்த புள்ளி உளத்தைக் குறிக்கின்றதா, உடலைக் குறிக்கின்றதா என்பது ஐயத்திற்கிடமானதே.

இவ்விடர்ப்பாட்டைக் கருத்திற்கொண்டு, அவுஸ்திரேலியாவில் நான்சி பச்சானா குழுவினர் 2007இல் முதியோருக்கெனத் தனி வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். அதில் 20 கூற்றுகள் உள. உடன்பாடு, உடன்பாடின்மை என இரு விடைகளே. உடற்குறிகள் பெரிதும் குறைக்கப்பட்டுள்ளன. விரைவிற் களைப்புறுவோருக்கு இவ்வெளிமை பெருந்துணை. எனினும் இங்கும் ஒரு தடையுண்டு. தம் துயரை உடலின் மொழியிலேயே உரைத்துப் பழகிய முதியவர், “கவலை ஒன்றுமில்லை, நெஞ்சுதான் அடைக்கின்றது” என்பார். உடற்குறிகளை நீக்கிய அளவுகோல் அவரைத் தவறவிடக்கூடும்.

கூற்றுகள் ஒன்றோடொன்று இசைந்துநிற்பதையே பலர் தகுதிக்குச் சான்றாகக் காட்டுவர். அது போதாது. எல்லாக் கூற்றுகளும் ஒருமித்துப் பிறிதொன்றை அளத்தலுங் கூடும். பயிற்சி பெற்ற மருத்துவர் தனித்து நடத்தும் நேர்காணலின் முடிவோடு புள்ளிகளை ஒப்பிடுதலே உரைகல்லாகும். வெட்டுப்புள்ளியும் அவ்வாறே நிறுவப்படல் வேண்டும். அதனைத் தாழ்த்தின் நோயுற்றோர் பலர் அகப்படுவர். நலமுற்றோரும் உடன் அகப்படுவர். உயர்த்தின் இரு சாராரும் தப்புவர். சுகதேகிகளான தொண்டர்களிடம் பெற்ற வெட்டுப்புள்ளியை மருத்துவமனை விடுதியிலுள்ளோருக்கு அப்படியே பொருத்துதல் முறையாகாது.

இது வெறும் எண்ணிக்கைப் பிணக்கன்று. பிழையாக நோயாளியெனக் கணிக்கப்பட்ட மூதாட்டிக்கு பென்சோடயசெப்பீன் வகை மருந்து வழங்கப்படலாம். அது தடுமாறி விழுதற்கும் இடுப்பெலும்பு முறிவிற்கும் ஏதுவாகும். பிழையாகத் தவறவிடப்பட்டவரின் துயரோ, ‘வயதின் இயல்பு’ எனத் தள்ளப்படும்.

ஆதலின், பிறமொழி வினாக்கொத்துகளைத் தமிழாக்கி ஆய்வு செய்யப் புகும் மாணவர், மொழிபெயர்ப்போடு பணி முடிந்ததெனக் கொள்ளலாகாது. தாம் அளக்கவிருக்கும் முதியோர் முன்னிலையில் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, அவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். அதன் பின்னரே புள்ளியிடல் பொருளுடையதாகும்.