திக்கித் திக்கி ஒரு வால்

இன்ஃபுளுவென்சா ஏ வைரஸ் தன் எம்ஆர்என்ஏவுக்கு வால் வைக்கும் விதம் இருக்கிறதே, அந்தச் சிக்கனம் அலாதியானது.

நம் செல்லில் அது பெரிய ஏற்பாடு. ஏஏயூஏஏஏ என்ற அடையாளத்தைக் கண்டுபிடிக்க ஒரு புரதக் கூட்டம் வேண்டும். சற்றுத் தள்ளி அந்த இழையை வெட்ட வேண்டும். வெட்டிய நுனியில் அடினைனை, அதாவது ஏ என்ற எழுத்தை, இருநூறு தடவை போலக் கோக்கத் தனியாக ஒரு நொதி வேண்டும். இந்த வால் அலங்காரம் அல்ல. எம்ஆர்என்ஏ உட்கருவை விட்டு வெளியேறவும், சிதையாமல் நிற்கவும், புரதமாக வாசிக்கப்படவும் அதுதான் துணை.

வைரஸும் உட்கருவில்தான் தன் எம்ஆர்என்ஏவை எழுதுகிறது. ஆனால் இத்தனை ஆள்படை அதற்கு வேண்டாம். படியெடுக்கும் பாலிமரேஸே வாலையும் வைத்துவிடுகிறது. வைரஸின் ஆர்என்ஏவில் ஒரு முனைக்குச் சற்று முன்னால், பதினாறு எழுத்து தள்ளி, யூ என்ற எழுத்து ஐந்து முதல் ஏழு தடவை வரிசையாக நிற்கிறது. யூவைப் படித்தால் எதிரே ஏ எழுத வேண்டும் என்பது விதி. பாலிமரேஸ் அந்த முனையைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொண்டு, எதிர்முனையிலிருந்து படித்து வருகிறது. முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும்வரை மேய்ந்துவிட்டு, எட்டாத இடம் வந்ததும் அங்கேயே திரும்பத் திரும்ப வாய்வைப்பதுபோல, யூக்களுக்கு வந்ததும் இழை இறுகிவிடுகிறது. மேலே நகர முடியாமல் அதே யூக்களையே மறுபடி மறுபடி படிக்கிறது. படிக்கப் படிக்க ஏ, ஏ, ஏ என்று வால் நீள்கிறது. பிடித்த பிடியை விடாததுதான் இங்கே முழு சூட்சுமமும்! இந்த இறுக்கத்தை 2020-ல் கிரெனோபிள் ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் படிப்படியாகவே படமாக்கிவிட்டார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, 1999-ல் ஆக்ஸ்போர்டில் லியோ பூன், ஜார்ஜ் பிரவுன்லீ முதலானோர் செய்த சோதனை. அந்த யூக்களை எடுத்துவிட்டு ஏக்களை வைத்தார்கள். எம்ஆர்என்ஏவுக்கு யூக்களால் ஆன வால் முளைத்தது. திக்கல்தான் வாலை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டுமா? ஒரே ஒரு மாற்றம், மறுக்க இடமில்லாத விடை. சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதே இழையிலிருந்து மரபணுப் படி எடுக்கும்போது பாலிமரேஸ் திக்குவதில்லை. யூக்களைக் கடந்து கடைசி எழுத்துவரை போகிறது. செல்லின் ஆர்என்ஏவிலிருந்து பறித்த, தொப்பி எனப்படும் தொடக்க நுனித் துண்டோடு தொடங்கிய படிக்குத்தான் வால். துண்டில்லாமல் தொடங்கிய படி முழுநீளம்.

தனக்கு வால் வைக்கத் தனி வழி இருப்பதால், செல்லின் ஏற்பாட்டையே முடக்கிவிடவும் வைரஸால் முடிகிறது. பல வகை இன்ஃபுளுவென்சாக்களில் என்எஸ்1 என்ற புரதம், அடையாளம் தேடும் அந்தக் கூட்டத்தில் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. செல் எழுதும் எம்ஆர்என்ஏக்கள், எச்சரிக்கை கொடுக்க வேண்டிய இன்டர்ஃபெரானுடையது உட்பட, முடிவு பெறாமல் தேங்குகின்றன. வைரஸினுடையவை வெளியேறிவிடுகின்றன.

அந்த யூ வால் எம்ஆர்என்ஏக்கள் என்னவாயின என்றும் ஆக்ஸ்போர்டுக் குழு அடுத்த ஆண்டே பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை உட்கருவைத் தாண்டவில்லை.