தாங்கும் பலம்: தமிழ்க் கிறிஸ்தவரின் பாட்டு மரபுகள்

விசுவாசத்தைப் பற்றிப் பேசத் தகுந்த மண் மயிலாப்பூர். சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு சொல்லும் தோமா, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். அவர் பெயரில் பேராலயம் நிற்கும் ஊரில், விசுவாசம் என்றால் கேள்வியே எழாத மனம் என்று எவரும் போதிக்க முடியாது.

அந்த விசுவாசம் எப்போது பலமாகிறது? பாடும்போது என்றே நான் நம்புகிறேன். நம் துக்க வீடுகளைப் பாருங்கள். பெட்டிக்கு அருகே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்த அம்மா ஒருவர், புத்தகம் இல்லாமலே தணிந்த சுருதியில் ஒரு பாட்டை எடுப்பார். இரண்டாம் அடியில் சுற்றியிருப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அழுது ஓய்ந்திருக்கும் மனைவியின் உதடுகளும் மூன்றாம் சரணத்தில் அசையத் தொடங்கும்.

இப்படிப் பாடப்படுபவற்றில் பழையது ஞானப்பாட்டு மரபு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரிகளோடு வந்தது. வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுஸ் அதற்குத் தமிழ் உரு கொடுத்தவர்களில் முதன்மையானவர். மெட்டு அந்நியம், சந்தம் சில இடங்களில் இடறும். ஆனால் அதன் ஊற்று ஆழமானது. அந்தப் பாட்டுகளை எழுதியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் பால் கெர்ஹார்ட் தன் ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் புதைத்தவர். துயரம் தெரியாதவர் எழுதிய பாட்டல்ல அது.

கீர்த்தனை மரபு நம் சொந்தச் சொத்து. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இராகத்தையும் தாளத்தையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சரணம் எவ்வளவு கண்ணீரோடு போனாலும் பல்லவிக்குத் திரும்பியே ஆக வேண்டும். நம்பிக்கையை ஆறேழு முறை சொல்லவைக்கும் இந்த அமைப்பே அதன் வைத்தியம். எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையையும் மயிலாப்பூர் மறக்கக் கூடாது. 1858-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். பின்னர் ஜான் பனியனின் ஆன்மிகப் பயணக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார், 1894-இல் வெளிவந்தது. சுமையோடு நடப்பவனே அதில் காவியத் தலைவன்.

கத்தோலிக்கர் வழி வேறு. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 பெருவிழா வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்துக்கு ஜெபமாலை சொல்லியபடி நடந்தே வருகிறவர்களுக்குக் கால்களும் ஜெபிக்கின்றன.

இன்றைய எழுப்புதல் பாட்டு எளிய தமிழில் இருக்கிறது. பாடத் தெரியாதவரையும் பாடவைக்கிறது. அது பெரிய கொடை. ஆனால் வீடு, வேலை, உயர்வு என்று வாக்குறுதியை மட்டுமே அடுக்கும் பாடல்கள் பெருகிவிட்டன. ஆனால் அப்போஸ்தலர் பவுல் தன் உடலை வருத்திய முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. நோய் தீராத வீட்டிலும் மனச்சாட்சியோடு பாட முடிகிறதா என்பதே ஒரு பாட்டுக்கு நான் வைக்கும் தர அளவு. அந்த அளவில் இவற்றில் பல தேறவில்லை. அவற்றைப் பாடுகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அடையாற்றிலிருந்து ஊழியம் செய்த டி.ஜி.எஸ். தினகரன் 1986-இல் மகளை விபத்தில் இழந்தார். அதன் பிறகும் இருபதாண்டுகளுக்கு மேல் மற்றவர் கண்ணீருக்காக ஜெபித்தார். அந்த வாழ்க்கையின் கனம் பாடல்களிலும் ஏற வேண்டும்.

பாடகர் குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு நான்கு கீர்த்தனைகளையாவது இராகம் பிசகாமல், எல்லாச் சரணங்களோடும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவையுங்கள். ஆபரேஷன் அறைக்குள் பாட்டுப் புத்தகமும் செல்போனும் உடன் வருவதில்லை.