ஊசிமுனைச் சாதுரியம்

கண்டி மாநகரத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் தந்தத்திலும் பித்தளையிலும் நுண்வேலை செய்யும் சிற்பாசாரிகளைக் கொண்டாடுவது ரசிகர் வழக்கம். அவ்வழக்கத்துக்கு நான் விரோதியல்லேன். ஆயினும், அந்நகரை அடுத்துள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்து விலங்கியலார், மலேரியா நுளம்பொன்றைக் கண்ணாடித் தகட்டிற் கிடத்தி, இரண்டு மெல்லிய ஊசிகளைக்கொண்டு அதன் சூலகத்தைச் சிதையாமல் வெளிப்படுத்தும் கைத்திறம், அவ்வேலைகளுள் எதற்கும் தாழ்ந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

ஈதர் ஆவியில் இறந்த பெண் நுளம்பின் சிறகையும் கால்களையும் களைந்து, உடலை நீர்த்துளியில் வைத்து, ஓர் ஊசியால் மார்பை அழுத்திப் பிடித்து, மற்றதனால் வயிற்றின் கடைக்கணுக்களை மெல்ல இழுக்கும்போது, அவசரப்பட்டால் உறுப்புகள் அறுந்துபோகும். மிகத் தயங்கினால் உலர்ந்துபோகும். பதமறிந்த கைக்கோ குடலும் இரு சூலகங்களும் ஒருசேர வழுகி வந்துவிடும். அச்சூலகத்தை உலரவிட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கினால், முட்டை வைத்தறியாத நுளம்பில் சுவாசக் குழாய்களின் நுனிகள் பன்னச்செடியின் இளங்குருத்தைப்போலச் சுருண்டிருக்கும். முதன்முறை முட்டை முதிர்ந்ததும் அச்சுருள்கள் விரிந்துவிடும், விரிந்தவை மறுபடி சுருளா. ரஷ்ய விஞ்ஞானி டெட்டினோவா அம்மையார் வகுத்த இம்முறையால், வாய்பேசாத அற்பப் பிராணியின் வாழ்க்கைச் சரித்திரமே வாசிக்கப்பட்டுவிடுகிறது. கிருமி நுளம்பின் உடலிற் பக்குவமடையப் பத்து நாட்களேனும் ஆகுமாதலின், கிழட்டு நுளம்பே அபாயகரமானது. இளையது கடித்தால் சொறிந்துகொள்வதோடு விஷயம் முடிந்தது.

இதே பேராதனையில் விலங்கியல் போதித்த பீலிக்ஸ் அமரசிங்க, மகாவலித் திட்டத்தால் குடியேற்றங்கள் பெருகிய காலத்தில் அப்பிரதேச நுளம்புகளை ஆராய்ந்தவர். இலங்கையின் அனோபிலிஸ் இனங்களை இனங்காண அவர் எழுதிய வழிகாட்டி, 1990இல் பெண் நுளம்புகளுக்கும் 1992இல் குடம்பிகளுக்குமாக வெளிவந்தது. சிறகின் ஒரு புள்ளியையும் வாயருகிலுள்ள உணர்கொம்பின் ஒரு வெண்பட்டையையும் கொண்டு இனத்தைப் பிரிக்கும் அவ்வகை நூலில் அலங்காரத்துக்கு இடமேது? ஒரு சொல் மிகினும் குறையினும் வாசகர் வழிதவறிவிடுவார். அந்தச் சிக்கனத்தையே நான் அதன் லாவண்யமென்பேன்.

இத்தனை சிரத்தைக்கும் காரணமுண்டு. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, மணற்படுகைகளிலும் பாறைக் குழிகளிலும் தேங்கிய நீரில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு அளவின்றிப் பெருகியமையால், 1934-35இல் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். உள்நாட்டு மலேரியா 2012 ஒக்டோபரோடு ஓய்ந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு அத்தாட்சியும் வழங்கிற்று. இனி இந்த ஊசிவேலை அநாவசியமென்று எண்ணுவோர், அவ்வாண்டு முடியுமுன்னரே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டதையும் சேர்த்து எண்ணுவார்களாக.