பழைய கோடாலியின் பதம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில், கோடாலித் தலைகள் துருவேறிக் குவிந்து கிடக்கும். காம்பு உளுத்தது, காம்பே இல்லாதது, ஆட்டம் நிற்கட்டும் என்று யாரோ காம்பின் தலையில் ஏழெட்டு ஆணிகளை அறைந்துவைத்தது என எல்லா ரகமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இயந்திர ரம்பம் காட்டுவேலையைப் பிடித்துக்கொண்டதும் கொட்டகைக்குள் ஒதுங்கியவை இவை. குவியலைக் கிளறுகிறவர்களில் பலர் பெயர் முத்திரையைத் தேடுவார்கள். விவரம் தெரிந்தவர் சட்டைப்பையில் ஒரு சின்ன அரம் வைத்திருப்பார்.

துருவை விட நெருப்புதான் கோடாலிக்குப் பகை. காம்பு உடைந்து துளைக்குள் சிக்கிக்கொண்டால், அதைத் தட்டி எடுக்கச் சோம்பல்பட்டுத் தலையை அப்படியே அடுப்பில் போட்டவர்கள் உண்டு. மரத்தோடு சேர்ந்து கொல்லர் கொடுத்த தோய்ச்சலும் போய்விடும். வாயோரத்தில் அரத்தை ஒரு தரம் ஓட்டினால் தெரிந்துவிடும். பதம் உள்ள எஃகு அரத்தை எளிதில் பிடிக்க விடாது. ஒரே இழுப்பில் தாராளமாகப் பொடி உதிர்ந்தால் அந்தத் தலையைக் குவியலிலேயே போட்டுவிடலாம். பின்மண்டை சம்மட்டி அடி வாங்கிப் பிதுங்கியிருந்தால் துளையின் சுவரில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேல்துருவுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

துருவை எடுக்கச் சமையலறை வினிகரே போதும். ஒரு நாள் ஊறவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் மிகப் பழைய தலையாக இருந்தால் இந்த வேளையில்தான் அதன் உட்கட்டு வெளிப்படும். வாய்ப்பகுதி கருஞ்சாம்பலாகவும் உடல் வெளிறியும் நிற்க, நடுவே ஒரு கோடு வளைந்து ஓடும். எஃகு விலை உயர்ந்த சரக்காக இருந்த காலத்தில் உடலை மெத்தென்ற இரும்பால் செய்து, வாய்க்கு மட்டும் எஃகை உலையில் காய்ச்சி ஒட்டினார்கள். அந்த ஒட்டு வரிதான் அந்தக் கோடு. கோடாலியின் மிச்ச ஆயுளையும் அதுவே சொல்கிறது. வாயிலிருந்து கோடு வரை எத்தனை விரற்கடையோ அத்தனைதான் இனிமேல் தீட்டித் தேய்க்க முடியும். பிற்காலத்தில் முழுக்க ஒரே எஃகில் அடித்த தலைகளில் இந்த வரி கிடையாது. எனக்கு அவற்றின்மேல் மரியாதை உண்டு, மோகம் இல்லை.

துரு விலகினால் சில வேளை முத்திரையும் தெரியும். காலின்ஸ் என்று இருந்தால் பார்க்கிறவர் முகம் மலரும். கனெக்டிகட் மாநிலத்தில் ஃபார்மிங்டன் ஆற்றங்கரையில் 1826இல் சாமுவேல், டேவிட் என்ற காலின்ஸ் சகோதரர்களும் உறவினர் வில்லியம் வெல்ஸும் தொடங்கிய பட்டறை அது. அதுவரை கோடாலியை வாங்குகிறவரே சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். இவர்கள் தீட்டி விற்றார்கள். பின்னர் எலைஷா ரூட் அங்கே வேலைக்குச் சேர்ந்து, கைவேலையாக நடந்ததை இயந்திரத்துக்கு மாற்றினார். துப்பாக்கி செய்த சாமுவேல் கோல்ட் அவரைத் தன் ஆலைக்கு அழைத்துக்கொண்டது அதற்குப் பிறகு. காலின்ஸ் பெயருக்குப் போலிகள் பெருகவே, அசல் சரக்கு என்று காட்ட 'லெஜிடிமஸ்' என்ற லத்தீன் சொல்லையும் பொறித்தார்கள். 1966இல் ஆலை மூடப்பட்டது. காலின்ஸ்வில் என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது.

எல்லாத் தலையையும் வினிகரில் முக்கிவிடவும் கூடாது. கெல்லி நிறுவனத்தின் 'பிளாக் ரேவன்' கோடாலியின் கன்னத்தில் காக்கை இனப் பறவை ஒன்றின் உருவம் அமிலத்தால் அரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். வினிகரும் அமிலம்தான். சேகரிப்போர் பெரும் விலை கொடுப்பதே அந்தப் படத்துக்கு என்னும்போது எண்ணெயும் துணியும் பொறுமையுமே அங்கே கருவி.

இப்போது ஒரு மோஸ்தர் பரவியிருக்கிறது. தலையைக் கண்ணாடிபோலத் தேய்த்து, காம்பில் பாதிக்கு வண்ணம் பூசிச் சுவரில் மாட்டுவது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அப்படித் தேய்க்கும்போது சம்மட்டியின் தடமும் முத்திரையின் விளிம்பும் காலம் ஏற்றிய கருமையும் போய்விடும். ஒரு முனை மட்டும் தேய்ந்த வாய், தன்னைப் பிடித்தவர் எப்படி வெட்டினார், எப்படித் தீட்டினார் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதை நேராக்குகிறேன் என்று நல்ல எஃகை அறுத்துத் தள்ளுகிறவர்களை என்ன சொல்ல! மின்சாணையில் வைத்தால் வேறு வினை: வாய் நீலம் பூத்துவிட்டால் சூடு ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள், அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். கை அரத்தால் ராவினால் நேரம் பிடிக்கும், சூடு பிடிக்காது.

நம்மூரில் கோடாலிக் காம்பு என்றால் வசவு. இந்தக் கலையில் பாதி ரசனை காம்பில்தான். வட அமெரிக்காவின் ஹிக்கரி மரம் இதற்கென்றே பிறந்ததுபோல அதிர்ச்சி தாங்கும். காம்பின் அடிமுனையைப் பார்த்தால் மர ரேகைகள் வாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும் வாய்ப்பு அதிகம். பழைய காம்புகள் ஒல்லி. வெட்டும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இன்று கடையில் விற்கும் தடித்த காம்பை வாங்கினால், பாதியை இழைத்துத் தள்ளிய பிறகுதான் கைக்கு இசையும்.

மாட்டும் முறை முதல் பார்வைக்கு விந்தையாக இருக்கும். தலையைக் காம்பில் நுழைத்து, கீழே தொங்கும்படி காம்பைக் கையில் தூக்கிப் பிடித்து, மேலே நிற்கும் அடிமுனையை மரச்சுத்தியால் அடிக்க வேண்டும். தலை நிலத்தில் விழாது. கனத்தால் அது இருந்த இடத்திலேயே நிற்க, காம்பு அதற்குள் இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் தலை காம்பில் ஏறி வருவதாகக் கண்ணுக்குத் தெரியும். துளையோ உடுக்கை வடிவம், நடுவில் ஒடுக்கம். காம்பின் மேல்முனையில் வெட்டிய பிளவில் மர ஆப்பு இறங்கியதும் மரம் விரிந்து, ஒடுக்கத்தின் இருபுறமும் பற்றிக்கொள்ளும். தளர்ந்த கோடாலியைத் தண்ணீரில் ஊறவைப்பது பலர் செய்வது. உப்பிய மரம் இரும்போடு நெருக்குண்டு நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கிவிடும். ஆட்டமும் கூடும். கடைசியாகக் காம்புக்கு ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போட வேண்டும், அது தானாகவே தீப்பற்றக்கூடியது.

ஆப்போடு எபாக்ஸிப் பசையையும் ஊற்றிவிட்டால் ஜென்மத்துக்கும் அசையாது என்கிறார்கள். உண்மைதான், அடுத்த காம்பு மாட்டுகிறவருக்கும் அசையாது. அவர் துளை போட்டு, உளியால் கொத்தி, பாதி நாளைத் தொலைப்பார். வெறும் ஆப்பு அடித்த காம்பென்றால் தலைக்குக் கீழே அறுத்துவிட்டு, ஓர் இரும்புத் துண்டை வைத்து அடியிலிருந்து மேலாகத் தட்டினால் போதும், மிச்சக் கட்டை கழன்று வந்துவிடும்.